டேப்லெட்டுக்கும் பல் பார்க்கலாம்!

பிள்ளைகளே! எங்கள் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் புதன்சந்தை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கூடும் மாட்டுச் சந்தை நாமக்கல் பக்கத்தில் பேர்போனது. மாடு வாங்க வருகிறவர்கள் எடுத்தவுடன் விலை கேட்பதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள். இரண்டு பல்லா, நான்கு பல்லா என்பதை வைத்தே வயதைச் சொல்லிவிடுவார்கள். பிறகு நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பால்மாடு என்றால் மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம்தான் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுவது!

மாட்டுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், டேப்லெட் வாங்கும்போது என்ன செய்கிறோம்? பெட்டியில் ஒட்டியிருக்கும் விலையையும் பளபளப்பான படத்தையும் பார்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அது உங்கள் அப்பாவோ அம்மாவோ கோழிப்பண்ணைக் கூலியிலோ லாரிப் பட்டறைச் சம்பளத்திலோ, ‘பிள்ளை படிக்கட்டும்’ என்று மிச்சம் பிடித்த பணமாக இருக்கும். ஆறே மாதத்தில் அந்த டேப்லெட் பரண்மேல் ஏறிவிட்டால்?

டேப்லெட்டுக்கும் ‘பல்’ உண்டு. அது எங்கே இருக்கிறது என்று காட்ட, நம் நாட்டில் நடந்த ஒரு நிஜக் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

2010 ஜூலையில் மத்திய அரசு ஒரு மாதிரிக் கருவியைக் காட்டியது. மாணவர்களுக்காக 35 டாலர் விலையில் கணினி செய்யப் போகிறோம் என்று அறிவித்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2011 அக்டோபர் 5 அன்று, அப்போதைய மத்திய அமைச்சர் கபில் சிபல் டெல்லியில் அதை வெளியிட்டார். பெயர், ‘ஆகாஷ்’. தயாரித்துக் கொடுத்தது டேட்டாவிண்ட் என்ற நிறுவனம். அரசு அதற்குக் கொடுத்த விலை ஒன்றுக்கு 2,276 ரூபாய். அன்றே 500 மாணவர்கள் கையில் கொடுத்துப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார்கள்.

விலை சரிதான். ஆனால், ஒரு பொருளின் விலை குறைகிறது என்றால், அதற்குள் ஏதோ ஒன்றில் சிக்கனம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எதில் செய்தார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

ஆகாஷில் முதல் சிக்கனம், தொடுதிரையில். தொடுதிரையில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையில், மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி, இரண்டிலும் மின்சாரம் பாயும் பூச்சு, நடுவில் மயிரிழை இடைவெளி. விரலால் அழுத்தினால் இரண்டும் ஒட்டும். ஒட்டிய இடத்தைக் கருவி கண்டுபிடிக்கும். இது மலிவு. ஆனால் லேசாகத் தடவினால் கேட்காது; அழுத்த வேண்டும். ஆகாஷில் இருந்தது இதுதான். இன்னொரு வகை, இன்று நம் வீட்டுப் போன்களில் இருப்பது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் அல்லவா? விரல் பட்டதும் திரையில் உள்ள மின்னேற்றம் சிறிது மாறும். அழுத்தவே வேண்டாம். அப்பாவின் போனைப் பென்சிலின் மரப்பகுதியால் தொட்டுப் பாருங்கள். ஒன்றும் நடக்காது. விரலால் தொடுங்கள். உடனே திறக்கும்!

இரண்டாவது சிக்கனம், வேகத்திலும் ரேம் நினைவகத்திலும். உங்கள் புத்தக அலமாரி பெரிதாக இருக்கலாம். ஆனால் படிக்கிற மேஜை சின்னதாக இருந்தால் ஒரே நேரத்தில் எத்தனை புத்தகத்தை விரிப்பீர்கள்? அலமாரிதான் சேமிப்பகம், மேஜைதான் ரேம். ஆகாஷின் அலமாரி 2 ஜி.பி., மேஜை வெறும் 256 எம்.பி. அதை இயக்கிய செயலியின் வேகமோ 366 மெகாஹெர்ட்ஸ். ஒன்றைத் திறந்துவிட்டு இன்னொன்றைத் திறந்தால் யோசித்து யோசித்துத்தான் வரும்.

மூன்றாவது, பாட்டரி. 2,100 மில்லி ஆம்பியர்-மணி. கணக்குப் போடுவோமா? 2,100 மில்லி ஆம்பியர் என்றால் 2.1 ஆம்பியர். இந்த வகைப் பாட்டரியின் மின்னழுத்தம் 3.7 வோல்ட். பெருக்கினால் 7.77 வாட்-மணி. திரையும் வை-ஃபையும் சேர்ந்து 3 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 7.77-ஐ 3-ஆல் வகுத்தால் இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காலையில் முழுக்க ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனால் மதியச் சோற்று மணி அடிக்கும் முன்னே அணைந்துவிடும்!

நல்லதும் இருந்தது. பென் டிரைவ் செருகும்படி இரண்டு முழு யு.எஸ்.பி. துளைகள் வைத்திருந்தார்கள். இணையம் இல்லாத ஊர்ப் பிள்ளைக்கு அது பெரிய உதவி. ஆனால் இணையம் வேண்டுமென்றால் வை-ஃபை மட்டும்தான். 2011-இல் கொல்லிமலை அடிவாரத்தில் எத்தனை வீட்டில் வை-ஃபை இருந்தது? என்னைக் கேட்டால், அந்த முதல் ஆகாஷ் படிப்புக்கு அதன் விலையும் பெறாது.

குறைகளை மாணவர்கள் எடுத்துச் சொன்னார்கள். முதலில் ராஜஸ்தான் ஐ.ஐ.டி. பொறுப்பில் இருந்த திட்டம் மும்பை ஐ.ஐ.டி.க்குப் போனது. 2012 நவம்பர் 11 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ‘ஆகாஷ் 2’-ஐ வெளியிட்டார். இதில் விரல் பட்டாலே கேட்கும் திரை. செயலியின் வேகம் 1 கிகாஹெர்ட்ஸ். மேஜை இரண்டு மடங்கு, 512 எம்.பி. பாட்டரி 3,000. அரசு கொடுத்த விலை எவ்வளவு தெரியுமா? 2,263 ரூபாய். முந்தியதைவிட 13 ரூபாய் குறைவு! மாணவர்களுக்குப் பாதி விலையில், 1,130 ரூபாய்க்கு என்றார்கள். விலை ஏறக்குறைய அதேதான். பெறுமானம் எங்கேயோ போய்விட்டது பார்த்தீர்களா? ஒரே வருடத்தில் உதிரிப் பாகங்கள் மலிந்தது ஒரு காரணம். எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டது இன்னொரு காரணம். அரசு ஒரு லட்சம் கருவிகளை வாங்கியது. 2015-இல் திட்டம் முடிந்தது.

வெளிநாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. அமெரிக்காவில் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே என்பவர் ஏழை நாட்டுக் குழந்தைகளுக்கு 100 டாலரில் மடிக்கணினி தருவேன் என்றார். 2007-இல் தயாரிப்புக்கு வந்தபோது விலை 188 டாலர் ஆகிவிட்டது. ஆனால் அவர்கள் வெயிலிலும் எழுத்துத் தெரியும் திரைக்கும், தூசியும் தண்ணீரும் புகாத விசைப்பலகைக்கும் செலவு செய்திருந்தார்கள். மரத்தடியில் படிக்கிற பிள்ளைக்கு வேறு என்ன முக்கியம்?

சரி, இப்போது உங்கள் ஊர்க் கடைக்கு வருவோம். பெட்டியில் ‘4+4 ஜி.பி. ரேம்’ என்று போட்டிருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். நிஜ மேஜை முதல் 4 மட்டுமே. அடுத்த 4 அலமாரியிலிருந்து இரவல் வாங்கியது. அது மெதுவாகத்தான் வேலை செய்யும். ‘32 ஜி.பி. சேமிப்பகம்’ என்றால், செட்டிங்ஸில் போய் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று பாருங்கள். இயங்கு மென்பொருளே ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொண்டிருக்கும்.

அங்கேயே ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, பாதுகாப்பு மேம்படுத்தல் கடைசியாக எந்தத் தேதியில் வந்தது என்பதும் இருக்கும். மாட்டுக்குப் பல் எப்படியோ, டேப்லெட்டுக்கு இந்தத் தேதி அப்படி! பழைய பதிப்பு என்றால், கருவி புத்தம் புதிதாக மின்னினாலும் கொஞ்ச நாளில் செயலிகள் ஒவ்வொன்றாக ‘இதில் ஓடாது’ என்று சொல்லிவிடும்.

நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று ஒரு சோதனை வைத்திருக்கிறேன். உங்கள் வகுப்புத் தமிழ்ப் பாடநூலின் பி.டி.எஃப். கோப்பு ஒன்றைத் திறக்கச் சொல்லுங்கள். முழுப் பக்கமும் திரையில் தெரியட்டும். விரலால் பெரிதாக்காமல் ‘ன’வும் ‘ண’வும் வேறு வேறாகத் தெரிகிறதா? திரை என்பது புள்ளிகளால் ஆனது. ஆகாஷில் 800 பெருக்கல் 480, அதாவது 3,84,000 புள்ளிகள். 1280 பெருக்கல் 800 என்றால் 10,24,000 புள்ளிகள். ஆங்கில எழுத்துக்கு இல்லாத சுழியெல்லாம் நம் எழுத்துக்கு இருக்கிறது. புள்ளி குறைந்தால் இரண்டு சுழியும் மூன்று சுழியும் ஒன்றாகக் குழம்பிவிடும். அப்புறம், கடை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலிலும் ஒருமுறை படித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்!

விலையை வருடக் கணக்கில் வகுக்கவும் பழகுங்கள். 5,000 ரூபாய்க் கருவி ஒரு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 5,000. 9,000 ரூபாய்க் கருவி மூன்று வருடம் உழைத்தால் வருடத்துக்கு 3,000. இதில் எது மலிவு? ஆனால் 9,000 ஒரேயடியாகப் புரட்டுவது வீட்டுக்குச் சிரமம் என்றால், கடன் வாங்கச் சொல்லி அடம்பிடிக்காதீர்கள்.

அதற்கு முன், வீட்டுப் பரணைக் கொஞ்சம் பாருங்கள். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் உங்கள் அக்காவுக்கோ அண்ணனுக்கோ இலவச மடிக்கணினி கிடைத்திருக்கலாம். அதை இறக்கித் தூசி தட்டுங்கள். பாட்டரிப் பக்கம் உப்பியிருந்தால் மட்டும் சார்ஜ் போடாமல், பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். பாட்டரி செத்திருந்தாலும் பெரும்பாலும் ஒயரில் ஓடும். பாடநூல் படிக்க அதன் பெரிய திரை போதும். கட்டுரை எழுத விசைப்பலகையும் கூடவே இருக்கிறது.