சைவ சாசேஜுக்குள் ஒரு நூற்பாலை

திருமுருகன்பூண்டியில் ஷிப்ட் முடிந்து வரும் பனியன் தொழிலாளியிடம், “சைவ சாசேஜும் உங்கள் தொழிலும் பங்காளிகள்” என்றால் சிரிப்பார். ஆனால் உறவு நிஜம்.

அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டிடம் வேலை செய்த ராபர்ட் பாயர், சோயாவிலிருந்து துணிக்கான இழை எடுத்தவர். சோயாப் புரதத்தைக் காரத்தில் கரைத்து, நுண்துளைகள் வழியே அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழையிழையாக உறையும். இறைச்சியும் இழைதானே! போலி இறைச்சிக்கு இந்த வித்தையைத் திருப்பிவிட்டு 1954இல் காப்புரிமை பெற்றார்.

இப்போது பெரும்பாலும் திருகு எந்திரம்தான். எண்ணெய் எடுத்த சோயா மாவை ஈரத்தோடு அழுத்தி, 100 டிகிரிக்கு மேல் வேகவைத்துத் துளை வழியே தள்ளுவார்கள். வெளியே வந்ததும் நீர் ஆவியாகிப் பறக்க, பஞ்சுபோல் உப்பும். நம் குருமாவில் மிதக்கும் மீல் மேக்கர் அதுதான்.

சாசேஜில் அது உதிராமல் பிடித்துவைப்பது மெத்தில் செல்லுலோஸ், லேபிளில் சேர்க்கைப் பொருள் எண் 461. மரக்கூழிலோ பருத்தியிலோ எடுத்த செல்லுலோஸை வேதிமாற்றம் செய்தது. வினோதப் பிறவி: சூட்டில் இறுகும், ஆறினால் இளகும். குளிரில் அதன் மூலக்கூறுகளை நீர் சூழ்ந்திருக்கும். சூடேறினால் நீர் விலக, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறிய சைவ சாசேஜ் கொழகொழப்பதற்கு இதுவும் ஒரு காரணம். (எண்ணைப் பார்த்து நான் மிரள்வதில்லை, உப்பின் அளவைத்தான் முதலில் தேடுவேன்.)

சில சாசேஜ்களின் மேல்தோல், கடற்பாசியில் எடுத்த சோடியம் ஆல்ஜினேட், 401. கால்சியம் பட்டதும் ஜவ்வாகிவிடும். துணியில் ரியாக்டிவ் சாயம் அச்சிடும்போது சாயப் பசையைக் கெட்டியாக்குவதும் இதே பொருள்தான். தரம் மட்டும் வேறு.