புலிக்கும் பொதுஜனத்துக்கும் நடுவே ஓர் உத்தியோகம்

நம் வீடுகளில் பிள்ளையோ பெண்ணோ பட்டம் பெற்று வந்தவுடன் வைத்தியம், இஞ்சினீயரிங், கம்ப்யூட்டர் என்று மூன்று திசைகளில்தான் பெற்றோரின் பார்வை செல்கிறது. நான்காவது திசையில் காடு இருக்கிறது. "காட்டிலா வேலை? யானை மிதித்துவிட்டால்?" என்று பாட்டிமார் அங்கலாய்ப்பதில் நியாயமில்லாமல் இல்லை. ஆயினும் நம் தேசத்தின் காடுகளைக் காப்பவர் யாரேனும் இருந்துதானே ஆகவேண்டும்?

தேசியப் பூங்கா என்றதும் ஊஞ்சலும் சிமெண்டுப் பெஞ்சியும் நினைவுக்கு வரலாகாது. சென்னையில் ஆளுநர் மாளிகையை அடுத்துள்ள கிண்டிப் பூங்கா சுமார் 2.7 சதுர கிலோமீட்டர்தான். முதுமலைப் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி மட்டுமே 321 சதுர கிலோமீட்டர். மன்னார் வளைகுடாவில் 1986-ல் ஏற்பட்ட பூங்காவோ கடலும் 21 தீவுகளுமாக இருக்கிறது. இவற்றைப் பரிபாலிக்கும் உயர் அதிகாரிகளில் பலர் இந்திய வனப்பணியைச் சேர்ந்தவர்கள். 1867-ல் வெள்ளையர் அமைத்த ஏகாதிபத்திய வனப்பணிக்கு ரயில் பாதைக் கட்டைகளுக்கும் பிற தேவைகளுக்கும் மரம் தேடித் தருவது பெரும் கவலை. சுதந்திர பாரதம் 1966-ல் ஏற்படுத்திய பணிக்கு மரத்தைவிட, அது நிற்கும் காடே கவலை.

எழுத்துப் பரீட்சைக்கு 1400 மார்க்கு. அதன்பின் டெல்லியில் நேர்முகப் பேட்டிக்கு 300 மார்க்கு. இந்த 300-ஐப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம். மனப்பாடம் செய்து பேட்டிக்குப் போகிறவர்கள் உண்டு. புலிகளின் தொகை, சட்டத்தின் பிரிவுகள், தாவரங்களின் லத்தீன் பெயர்கள் எல்லாம் நாவின் நுனியில் நிற்கும். அதில் தவறில்லை. ஆனால் எழுத்துப் பரீட்சையில் ஒருமுறை சோதித்ததையே மறுபடியும் சோதிக்க நாலைந்து பெரியவர்கள் மேஜையைச் சுற்றி உட்காரவேண்டிய அவசியமில்லை. அவர்கள் பார்க்க விரும்புவது அபேட்சகரின் நிதானத்தை.

ஓர் உதாரணம். "உங்கள் எல்லைக்குள் ஒரு புலி மனிதரைக் கொன்றுவிட்டது. கிராமத்தார் சாலையை மறித்து, உடனே சுடு என்கிறார்கள். என்ன செய்வீர்கள்?" வீரமுள்ள வாலிபர் "சுட உத்தரவிடுவேன்" என்று சொல்லக்கூடும். காருண்யமுள்ளவர் "புலியைத் தொடவிடமாட்டேன்" எனக்கூடும். இரண்டும் அரைகுறை. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சுடும் அனுமதியைத் தருபவர் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளர். அவரும், பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் கொண்டுபோகவோ முடியாது என்று திருப்தியடைந்த பிறகே, காரணத்தை எழுத்தில் கொடுத்து அனுமதிக்கலாம். பூங்கா அதிகாரி தாமாகச் சுட முடியாது. சும்மா இருக்கவும் முடியாது. இறந்தவரின் வீட்டுக்கு முதலில் போகவேண்டியவர், நஷ்டஈட்டுக்கு வழி செய்யவேண்டியவர், மாடு மேய்ப்பவர்களைச் சில நாள் காட்டுக்குள் போகாமல் காக்கவேண்டியவர் அவரே.

இது கற்பனையன்று. 2021-ல் கூடலூர், மசினகுடி வட்டாரத்தில் நால்வரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 என்ற புலியைச் சுமார் மூன்று வாரம் தேடினார்கள். முதலில் வேட்டைக்கு உத்தரவு பிறந்தது. உயர்நீதிமன்றமோ கொல்ல அவசரப்பட வேண்டாம் என்றது. கடைசியில் அக்டோபரில் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அந்த மூன்று வாரத்தை நாள்வாரியாகப் படித்து, ஒவ்வொரு நாளும் 'நாமாயிருந்தால்?' என்று கேட்டுப் பார்ப்பது பத்துப் புஸ்தகத்துக்குச் சமானம் என்பது நம் அபிப்பிராயம்.

புலியைப் பற்றி எல்லாரும் ஆயத்தம் செய்வார்கள்; செடியைப் பற்றிச் செய்பவர் குறைவு. அலங்காரத்துக்காக வெள்ளையர் கொண்டுவந்த உண்ணிச்செடி இன்று முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் புதராகப் பரவி, மானுக்கும் யானைக்கும் வேண்டிய புல்லை முளைக்கவொட்டாமல் செய்கிறது. வெட்டினால் தூரிலிருந்து மீண்டும் துளிர்க்கிறது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைப் பரப்புகின்றன. நீலகிரிப் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதன் தண்டை வளைத்து ஆளுயரத்துக்கும் மேற்பட்ட யானை உருவங்கள் செய்கிறார்கள். காட்டுக்கும் நல்லது, மனிதருக்கும் கூலி. இதை நேரில் பார்த்து வந்தவர் பேசும்போது குரலிலேயே வித்தியாசம் தெரியும்.

ஆகவே பேட்டிக்கு முன் ஒரு வாரமாவது பூங்கா ஒன்றின் ஓரத்தில் தங்கிவருவது நலம். வனக்காவலர் எத்தனை மணிக்குப் புறப்படுகிறார், மழைக்காலத்தில் எங்கே உறங்குகிறார் என்று விசாரியுங்கள். ராமநாதபுரக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களைக் கேளுங்கள். பூங்கா வந்தபின் தங்கள் பிழைப்பு என்னவாயிற்று என்று அவர்கள் சொல்வார்கள். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் எதற்காக வந்தது என்பது அப்போது புரியும்.

தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும். விண்ணப்பத்தில் 'பறவை பார்த்தல்' என்று பொழுதுபோக்கை எழுதியவர், மைனாவுக்கும் புல்புலுக்கும் வித்தியாசம் தெரியாமல் விழித்தால் அதற்கு எவரும் பொறுப்பில்லை.

இன்னொன்று. அறைக்குள் உட்கார்ந்து பதில் சொன்னதோடு காரியம் முடிவதில்லை. ஆண்கள் 25 கிலோமீட்டரும் பெண்கள் 14 கிலோமீட்டரும் 4 மணி நேரத்தில் நடந்து காட்டவேண்டும். டெல்லிக்குப் புறப்படும் பிள்ளைக்குப் பட்சணம் கட்டிக் கொடுக்கும் தாய்மார்கள், ஒரு மாதம் முன்னதாகவே விடியற்காலையில் எழுப்பி நடக்க அனுப்புவார்களாக. புதுச் செருப்பை அன்றைக்கென்று எடுத்து வைக்கவேண்டாம்; அது கடிக்கும்.