கசப்பும் துவர்ப்பும் மரத்துக்கு வேலி



நம் தோட்டங்களில் பல வீடுகளுக்கு மட்டக்களப்புப் பக்கம் உறவு உண்டு. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இறங்கிப் போனவர்களில் ஒரு பகுதியினர் அந்த மாவட்டத்து ஊர்களில் குடியேறினார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று அங்கே வயலும் தோட்டமுமாக வாழ்கிறார்கள். பாடசாலை விடுமுறையில் வாவிக்கரையை அடுத்த அப்படியோர் உறவு வீட்டுக்கு நாமும் போயிருந்தோம்.

போன இரண்டாம் நாள், பேரனின் அடையாள அட்டை வேலைக்காக அந்த வீட்டுச் சின்னம்மா பெட்டியைத் திறந்தார். மாம்பலகையில் செய்த பழைய பெட்டி, மண் சுவரோடு ஒட்டி வைத்திருந்தது. மூடியைத் தூக்கியதும் உள்ளே ஈரமண்தான் தெரிந்தது. பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், சேமலாப நிதித் துண்டுகள் எல்லாவற்றையும் கறையான் அரித்து விட்டது. "பொட்டி போனாப் போகட்டும் தம்பி, எங்க பேர் இருந்த காகிதம் போச்சே" என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்து விட்டார்.

1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இழந்து, பல பத்து ஆண்டுகள் அலைந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த மக்கள் நாம். ஒரு காகிதத்தின் அருமையை நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பக்கத்து வீட்டிலும் ஒரு பெட்டி இருந்தது. அதே மண், அதே வேலியோரப் புற்று. அந்தப் பெட்டியில் மட்டும் ஒரு கீறலும் இல்லை. அது முதிரை மரத்தில் செய்தது. பார்க்க வந்த ஓடாவியார் சிரித்துக்கொண்டே, "கறையானுக்குக் கண் இல்லை. ஆனா மரம் தெரியும்" என்றார். கண் இல்லாத பூச்சிக்கு மரம் எப்படித் தெரியும்? இதைத்தான் இந்த இதழில் விளக்கப் பார்க்கிறோம்.

காளான் வளர்க்கும் கமக்காரர்

மட்டக்களப்பில் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கியதும் புற்றுகளில் ஈசல் கிளம்பும். பிறகு புற்றின் மேலே வெள்ளைக் குடை விரித்தாற் போல் புற்றுக்காளான் முளைக்கும். அது தானாக வந்த காளான் அல்ல. புற்றுக்குள்ளே கறையான் பயிர் செய்த காளான்.

புற்றுக் கட்டும் கறையான் மரத்தையும் சருகையும் மென்று உள்ளே கொண்டுபோய், தேன்கூடு போன்ற ஒரு பாத்தியாக வைக்கும். அந்தப் பாத்தியில் காளான் வளரும். மரத்தின் கடினமான பொருளை அந்தக் காளான் பதமாக்கிக் கொடுக்கும். காளானின் சிறு முடிச்சுகளையும், பதமாகிப் போன பழைய பாத்தியையும் கறையான் தின்னும். மனிதன் மண்ணைக் கொத்திப் பயிரிடத் தொடங்கிச் சுமார் 10,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. கறையான் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இந்தக் கமத்தைச் செய்து வருகிறது.

இதே தொழிலைச் செய்யும் எறும்பும் உண்டு. அது நம் நாட்டில் இல்லை. அமெரிக்கக் கண்டத்தின் சூடான நாடுகளில் வாழும் இலைவெட்டி எறும்பு அது. இலையைத் துண்டு துண்டாக வெட்டி, குடை பிடித்தாற் போல் தூக்கிக்கொண்டு வரிசையாகப் புற்றுக்குப் போகும். அந்த இலையை அது நேரே தின்று வாழ்வதில்லை. அதை அரைத்துக் காளானுக்கு உரமாகப் போட்டு, அந்தக் காளானைத் தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். எனவே இலையைத் தேர்ந்தெடுக்கும்போது எறும்பு இரண்டு விடயத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது என்னால் வெட்டக் கூடியதா? இது என் காளானுக்கு ஒத்துவருமா?

மரம் போடும் வேலி

மரத்துக்கு ஓடி ஒளியக் கால் இல்லை. ஆகவே அது தன் உடம்பிலேயே வேலி போட்டுக்கொள்கிறது.

முதல் வேலி கெட்டித்தன்மை. முற்றிய இலை தோல் போலத் தடித்திருக்கும். வெட்டுவதற்கு எறும்புக்கு நேரமும் பலமும் அதிகம் செலவாகும். அதனால் இலைவெட்டி எறும்பு பெரும்பாலும் இளந்தளிரையே நாடும்.

இரண்டாவது பால். எருக்கலை, கள்ளி, பலா ஆகியவற்றைக் கிள்ளினால் பால் வடிவதை நாம் அறிவோம். அந்தப் பால் காற்றுப் பட்டதும் பிசின் போல இறுகி, வெட்ட வந்த பூச்சியின் வாயை ஒட்டிவிடும்.

மூன்றாவது துவர்ப்பு. பாக்கையும் நாவற்பழத்தையும் மென்றால் நாக்கு இழுத்துப் பிடிக்கிறதல்லவா? அந்தத் துவர்ப்புப் பொருள் இலையிலுள்ள புரதச் சத்தைக் கட்டிப் போட்டுவிடும். பூச்சிக்கும் சத்துக் கிடைக்காது, காளானுக்கும் கிடைக்காது.

நான்காவது, காளானையே கொல்லும் நெய்களும் பிசின்களும். கொஸ்தாரிக்கா நாட்டில் இலைவெட்டி எறும்பு ஒருவகைக் காட்டு மரத்தைத் தொடாமல் விடுவதை ஸ்டீபன் ஹப்பெல் என்ற விஞ்ஞானியும் கூட்டாளிகளும் ஆராய்ந்தார்கள். அந்த மரத்து இலையில் காளானைக் கொல்லும் ஒரு பொருள் இருப்பதை 1983 இல் எழுதினார்கள். எறும்பின் வயலைக் குறிவைத்து மரம் அடிக்கிற அடி அது.

எறும்பு தவறிப்போய் அப்படியோர் இலையைக் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? பனாமாவில் செய்த ஓர் ஆராய்ச்சி 2008 இல் வெளிவந்தது. எறும்பு விரும்பி வெட்டும் இலையிலேயே காளானுக்கு ஆகாத மருந்தைக் கலந்து வைத்தார்கள். மருந்து எறும்புக்குத் தெரியவில்லை. முதலில் ஆசையாகக் கொண்டுபோயின. உள்ளே காளான் வாடத் தொடங்கியது. அதன் பிறகு அந்த இலையைத் தூக்க மறுத்துவிட்டன. மருந்து கலக்காத நல்ல இலையை வைத்தபோதும் பல வாரங்கள் தொடவில்லை. பயிர் வாடினால் காரணத்தைப் பார்த்து உரத்தை மாற்றுகிற கமக்காரனின் புத்தி அது.

வைரமும் வெளிறும்

இனிச் சின்னம்மாவின் பெட்டிக்கு வருவோம். ஒரு மரத்தைக் குறுக்கே அறுத்தால் வெளியே வெளுத்த பகுதியும் நடுவே கறுத்த பகுதியும் தெரியும். வெளுத்ததை வெளிறு என்றும் கறுத்ததை வைரம் என்றும் சொல்வோம். மரம் வயதாக ஆகத் தன் கசப்பையும் பிசினையும் நடுப்பகுதியில் சேர்த்து வைக்கிறது. முதிரை, பாலை, தேக்கு ஆகியவற்றைக் கறையான் எளிதில் அண்டாமல் இருப்பது வைரம் பாய்ந்த மரத்தில்தான். அதே தேக்கின் வெளிற்றைக் கறையான் தின்றுவிடும். மாம்பலகையில் அவ்வளவு காவல் இல்லை.

சரி, காகிதம்? மரத்தை அரைத்து, அதிலிருந்த பிசினையும் கசப்பையும் கழுவி எடுத்த பிறகு கிடைப்பதுதான் காகிதம். காவல் முழுவதையும் கழற்றி எடுத்த மரம் என்று சொல்லலாம். கறையானுக்கு அதைவிட நல்ல சாப்பாடு வேறில்லை.

வேம்பின் கதையும் இதுதான். 1959 இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பச்சையெல்லாம் தின்று தீர்த்தது. வேப்பமரம் மட்டும் இலையோடு நின்றதை ஹைன்ரிச் ஷ்முத்தெரெர் என்ற ஜெர்மானியர் கவனித்தார். வேம்பு பற்றிய பெரிய ஆராய்ச்சிகள் அதற்குப் பின்னர்தான் நடந்தன. நெல் மூட்டையில் வேப்பிலை போட்ட நம் பாட்டிமாருக்கு அது முன்பே தெரிந்த சங்கதி.

நம் தேயிலையில்

தேயிலைக் கிளையில் குண்டூசியால் குத்தின மாதிரி ஓட்டை போடும் சின்ன வண்டைக் கொழுந்து எடுப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். ஷொட் ஹோல் போரர் என்று சொல்வது அதைத்தான். அதுவும் ஒரு காளான் கமக்காரன்தான்! தாய் வண்டு வாயில் காளான் விதையைக் கொண்டுவந்து, துளைத்த குகையின் சுவரில் விதைக்கும். குஞ்சுகள் அந்தக் காளானைத் தின்று வளரும். ஓட்டை விழுந்த கிளை, நாம் சாய்ந்து கொழுந்து எடுக்கும்போது முறிந்துவிடும். அடுத்த மாதக் கொழுந்தும் அதோடு போய்விடும்.

இந்த வண்டும் எல்லாச் செடியிலும் ஒரே மாதிரி பெருகுவதில்லை. இலங்கை விஞ்ஞானி ஆர். எல். விக்கிரமசிங்கவும் கூட்டாளிகளும் 1976 இல் இதை விளக்கினார்கள். தண்டிலுள்ள ஒருவகைக் கொழுப்புப் பொருளின் அளவு, தண்டின் ஈரம், சூடு ஆகிய மூன்றையும் பொறுத்தே தாக்குதல் கூடிக் குறைகிறது என்றார்கள்.

இந்த வண்டை ஒழிக்க ஒரு காலத்தில் டீல்ட்ரின் என்ற கடும் நஞ்சை அடித்தார்கள். இலைசுருட்டிப் புழுவைத் தின்று நமக்குக் காவலாக இருந்த ஒரு சிறு குளவி அதனால் செத்தது. புழு பெருகியது. அந்தக் குளவி 1930களில் ஜாவாவிலிருந்து பாடுபட்டுக் கொண்டுவரப்பட்டது என்பதை நினைத்தால், நஞ்சை எடுக்கும் முன் நூறு தடவை யோசிக்க வேண்டும் என்பது விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேநீரின் துவர்ப்பும், தூக்கத்தை விரட்டும் கபீன் சத்தும் செடி மனிதனுக்காக உண்டாக்கியவை அல்ல. பூச்சியிடமிருந்து தன் தளிரைக் காக்கச் சேர்த்து வைத்தவை. தளிரில்தான் அவை அதிகம். அதனால்தான் இரண்டு இலையும் ஒரு மொட்டும் கேட்கிறார்கள். உலகம் காசு கொடுத்துக் குடிப்பது அந்தச் செடியின் வேலியைத்தான். அந்த வேலியை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பது உங்கள் விரல்கள்.

நாம் செய்யக் கூடியவை

1. பத்திரங்களைப் பொலித்தீன் உறையில் இட்டு, மூடியுள்ள தகரப் பெட்டியில் வையுங்கள். பெட்டி நிலத்திலோ சுவரிலோ ஒட்டக் கூடாது.

2. எல்லாப் பத்திரங்களுக்கும் போட்டோக் கொப்பி எடுத்து, உறவினர் ஒருவர் வீட்டிலும் ஒரு கட்டு வையுங்கள். பத்திர இலக்கங்களைக் கொப்பி ஒன்றில் எழுதி வையுங்கள்.

3. மாதம் ஒரு தடவை சுவரோரம் பாருங்கள். மண் குழாய் போல் கோடு தெரிந்தால் உடனே உடைத்துத் துடையுங்கள். அந்த மண் கூரை இல்லாமல் கறையான் வெளியே நடமாடாது.

4. கதவு நிலை வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியையே கேளுங்கள். வெளிற்றைப் பெயின்ட் பூசி மறைத்து விற்பார்கள்.

5. பெயர் தெரியாத நஞ்சை வீட்டுக்குள் ஊற்ற வேண்டாம். குழந்தைகள் படுக்கும் இடம் அது.

சின்னம்மாவோடு நாமும் பிரதேச செயலகத்துக்குப் போனோம். பிறப்புச் சான்றிதழ்களுக்குப் பிரதி கேட்டு விண்ணப்பம் கொடுத்தாகி விட்டது. பிரஜாவுரிமைப் பத்திரத்துக்குத்தான் இன்னும் நடக்க வேண்டியிருக்கிறது. புதிதாக வரும் காகிதங்களுக்குத் தகரப் பெட்டி ஒன்று வாங்கி, பரணில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் நாம் மலைக்குத் திரும்பினோம். நீங்களும் இன்று இரவே உங்கள் பெட்டியை ஒரு தடவை திறந்து பாருங்கள்.