கணக்கில் இல்லாத நாட்டுத்துப்பாக்கி: தடை எங்கே தடுமாறுகிறது?

சேலம் மாவட்டம் வாழப்பாடியை ஒட்டிய அருநூற்றுமலையிலும் கல்வராயன் மலையில் கருமந்துறை, கரியகோவில் பக்கத்து ஊர்களிலும் உரிமம் இல்லாமல் நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பது, நாட்டின் மற்ற இடங்களைப் போலவே, 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். 2019 டிசம்பரில் வந்த திருத்தம் இந்தத் தண்டனையைக் கூட்டியது. ஓராண்டாக இருந்த குறைந்தபட்சச் சிறை இரண்டு ஆண்டானது; மூன்றாண்டாக இருந்த உச்சவரம்பு ஐந்தாண்டானது. உரிமமின்றித் துப்பாக்கி செய்பவருக்கு ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. எழுத்தில் பார்த்தால் தடையில் ஓட்டையே இல்லை. ஆனாலும் சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் போலீஸார் மலைக் கிராமங்களுக்குப் போய்க் கூட்டம் போட்டு, "கள்ளத்துப்பாக்கி இருந்தால் ஒப்படைத்துவிடுங்கள், வழக்குப் போட மாட்டோம்" என்று கேட்டுக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஐந்தாண்டு சிறை தரும் சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர்கள் வேண்டுகோள் விடுக்க வேண்டியிருக்கிறது என்றால், இந்தத் தடையை நிறைவேற்றுவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

முதல் காரணம் அந்தத் துப்பாக்கியே. போலீஸ் குறிப்புகளில் எஸ்.பி.எம்.எல். எனப்படுவது, குழலின் வாய் வழியாகவே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டிக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டால் மறுபடி மருந்து இட்டு நிரப்பியாக வேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் உருவாவதால் தயாரிப்பாளர் பெயர் கிடையாது, எண் கிடையாது, விற்ற ரசீது கிடையாது. குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பதால், ரைபிள் குண்டில் பதிவது போன்ற வரித்தடமும் குண்டில் விழாது. எந்தத் துப்பாக்கி சுட்டது என்று தடயவியல் வழியில் சொல்வது இதனால் கடினமாகிறது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் ஒன்றில் அப்பன் வைத்திருந்தது மகன் கைக்கு வந்திருந்தால், அந்தக் கைமாற்றம் எந்த அலுவலகத்துக்கும் தெரியாது.

சட்டம் உழவரை அடியோடு மறந்துவிடவில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து இடும் துப்பாக்கி கேட்டு உண்மையான தேவையோடு வருபவருக்கு உரிமம் தரலாம் என்று ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே சொல்கிறது. அது போதாது என்று உரிமம் தரும் அதிகாரி கருதினால், அதைவிட மேலான துப்பாக்கிக்கும் வழி உண்டு. அதாவது, மலைக்காட்டில் குச்சிக்கிழங்கு போட்டவர் கேட்கும் அதே வகைத் துப்பாக்கியைச் சட்டம் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு மனு, போலீஸ் விசாரணை அறிக்கை, ஆட்சியர் அலுவலக நடை எல்லாம் வேண்டும். பட்டா இல்லாத நிலத்தில், காப்புக்காட்டு ஓரத்தில் பயிரிடுபவர் தன் பயிரையே காகிதத்தில் காட்டச் சிரமப்படுவார். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் துப்பாக்கியைக் கொண்டுபோய்ப் பதிவு செய்துகொள்ளவும் எளிய வழி இல்லை. அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்பதையும் கைமாற்றுவதையும் சட்டத்தின் 8ஆம் பிரிவு தடுக்கிறது. காட்டினால் வழக்கு, மறைத்தால் நிம்மதி என்ற நிலையில் எவரும் மறைக்கத்தான் செய்வார்கள்.

உரிமம் உள்ள துப்பாக்கியின் நிலை நேர்மாறானது. தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி கேட்கப்படுகிறார்கள். பெயர், முகவரி, எண் எல்லாம் பதிவேட்டில் இருப்பதால் ஒரு தாக்கீது போதும். 2019 திருத்தம் ஒருவர் மூன்று துப்பாக்கி வரை வைத்திருக்கலாம் என்பதை இரண்டாகக் குறைத்தபோதும் மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்கச் சொல்ல முடிந்தது. சட்டம் கண்டிப்பாக நடப்பது ஏற்கெனவே சட்டத்துக்குப் பணிந்தவரிடம்தான். தடையைப் பற்றிய எந்த விவாதத்திலும் இந்த உண்மையைத் தாண்டிப் போக முடியாது.

ஒப்படைப்பு நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. காவல் நிலையத்துக்கு வரத் தயங்குபவர்கள், ஊர்ப் பெரியவர் மூலமாகத் தரலாம். கோயில் திடல், சாவடி போன்ற பொது இடத்தில் வைத்துவிட்டும் போகலாம் என்று சொல்லப்படுகிறது. விடிந்ததும் அதிகாரிகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். திடலில் கிடந்த துப்பாக்கி இன்னாரிடம் இருந்தது என்று நிரூபிக்க முடியாது. அதனால்தான் மக்கள் நம்பித் தருகிறார்கள். சட்டப் பின்பலமும் கொஞ்சம் உண்டு: உரிமமின்றி வைத்திருந்ததற்கு வழக்குத் தொடுக்க மாவட்ட நடுவரான ஆட்சியரின் முன் அனுமதி தேவை என்கிறது 39ஆம் பிரிவு. அனுமதி கேட்காமல் விட்டால் வழக்கு இல்லை. ஆனால் இது ஓர் அதிகாரியின் வாய்வார்த்தையில் நிற்கும் மன்னிப்பு. அவர் மாறுதலாகிப் போனால் அடுத்தவர் என்ன செய்வார் என்ற அச்சம் ஊரில் இருக்கத்தான் செய்யும். இன்ன தேதிக்குள் ஒப்படைத்தால் வழக்கில்லை என்று அரசே எழுத்தில் அறிவிப்பது இதைவிட நேர்மையான வழி. பெயர் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவதில் ஓர் இழப்பும் உண்டு. துப்பாக்கி வந்துவிடுகிறது, அதைச் செய்தவர் யார், மருந்து எங்கிருந்து வந்தது என்ற செய்தி வராமல் போகிறது.

துப்பாக்கியைக் கொடுத்த பிறகு பன்றியை என்ன செய்வது? மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் குச்சிக்கிழங்கும் போட்டவர்களின் கேள்வி இதுதான். காட்டுப்பன்றிக் கூட்டம் ஒரே இரவில் கிழங்குக் காட்டைக் கிளறிப் போட்டுவிடும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கென ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் உரிமை வனத்துறைக்கு மட்டுமே, உழவருக்கு இல்லை. காட்டை ஒட்டியே நிலம் வைத்திருப்பவருக்கு இந்த முறையால் பெரிய பயன் இல்லை. துப்பாக்கியை எடுத்துவிட்டு வேறு வழி காட்டாவிட்டால், சிலர் திருட்டு மின்வேலிக்கும் அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடிக்கும் போய்விடும் ஆபத்து உண்டு. இவை துப்பாக்கியைவிடக் கண்மூடித்தனமானவை. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. பயிருக்குக் காவல் தராத தடை உயிருக்கும் காவல் தராது.

இதனால் நாட்டுத்துப்பாக்கி இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஆகாது. இரவு வேட்டையில் புதர் அசைவைப் பார்த்துச் சுட்டு, கூட வந்தவரையே பலிகொண்ட சம்பவங்கள் மலைப்பகுதிகளில் நடந்திருக்கின்றன. தரம் பார்க்காத குழல் சுட்டவர் கையிலேயே வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

கணக்கில் இல்லாத துப்பாக்கியைத் திரட்டுவது கடினம் என்பதையே வெளிநாட்டு அனுபவமும் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அரசு பணம் கொடுத்துச் சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கியது. நியூசிலாந்து 2019இல் கிறைஸ்ட்சர்ச் படுகொலைக்குப் பின் சுமார் 56,000 துப்பாக்கிகளை அவ்வாறே வாங்கியது. ஆனால் தடை செய்த வகையில் நாட்டில் மொத்தம் எத்தனை இருந்தன என்ற பதிவேடு இல்லாததால், எத்தனை பங்கு வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அமெரிக்கா 1994இல் கொண்டுவந்த தாக்குதல் துப்பாக்கித் தடை, மக்களிடம் ஏற்கெனவே இருந்தவற்றைத் தொடவில்லை, 2004இல் காலாவதியானது. கல்வராயன் மலையில் கொடுப்பவருக்குப் பணம் இல்லை. வழக்கில்லை என்ற உறுதி மட்டுமே.

இந்தியாவுக்குள்ளேயே குடகு வேறு வழியில் போயிருக்கிறது. குடவர்களுக்கும் ஜம்மா என்ற பரம்பரை நில உரிமை உடையவர்களுக்கும் பிரிட்டிஷ் காலத்திலிருந்தே உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. 2019இல் அது 2029 வரை நீட்டிக்கப்பட்டது; கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் அதைச் சரியென்றது. விலக்குப் பெற்றவர் சான்றிதழ் வாங்குவதால் துப்பாக்கி யாரிடம் இருக்கிறது என்று நிர்வாகத்துக்குத் தெரியும். அத்தகைய விலக்கை மலையாளிப் பழங்குடியினருக்குத் தமிழக அரசு தனியே தர முடியாது. ஆயுதம் ஒன்றியப் பட்டியலின் 5ஆம் இனம். விலக்கு தரும் அதிகாரம் ஒன்றிய அரசிடம் உள்ளது. மாநிலத்தின் கையில் இருப்பது 13ஆம் பிரிவு. பயிர்ப் பாதுகாப்பு உரிம மனுவை ஆட்சியர் அலுவலகம் மலைக்கே கொண்டுபோய் வாங்குவதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

எந்தப் பகுதியிலும் துப்பாக்கிக் கணக்கெடுப்பு நடத்த ஆணையிடும் அதிகாரத்தை 42ஆம் பிரிவு ஒன்றிய அரசுக்குத் தருகிறது. உரிமமற்ற துப்பாக்கிகள் பெருகுவது குறித்து 2023இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, எல்லா மாநிலங்களிடமும் விளக்கம் கேட்டது. துப்பாக்கிக் கணக்கெடுப்பு நடந்தால் அதில் பட்டறையும் சேர வேண்டும். வெடிமருந்து தயாரிப்பை 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம் கட்டுப்படுத்தினாலும், மலையில் புழங்கும் மருந்து அந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியேதான் கிடைக்கிறது. ஒருமுறை நூறு துப்பாக்கி திரட்டிய பகுதியில் மறுமுறையும் அதே அளவு வந்தால், பட்டறை இன்னும் மூடப்படவில்லை என்பதே அதற்குப் பொருள்.