எங்கே படிக்கலாம்? – 14: பெல்லட்ரானுக்குப் போகும் வழி

அணுக்கரு இயற்பியலுக்கு எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்கும் மாணவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே இருப்பவர்கள் சோதனை செய்ய எங்கே போகிறார்கள்?

இந்தத் துறையின் இயல்பு அப்படி. ஓர் அணுக்கருவின் உள்ளமைப்பை அறிய, பெரும்பாலும் இன்னொரு அணுக்கருவை அதன்மேல் மோதவிட வேண்டும். இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை மீறும் வேகத்தை அயனிகளுக்குக் கொடுக்கும் முடுக்கியைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாது. நம் நாட்டில் இதற்கு முக்கியமான இடங்கள் மூன்று: கொல்கத்தாவின் சைக்ளோட்ரான், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் உள்ள பெல்லட்ரான், டெல்லியில் உள்ள பெல்லட்ரான்.

டெல்லி மையத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு அதைப் பல்கலைக்கழகங்களுக்காகவே தொடங்கியது. அங்குள்ள பெல்லட்ரான், இருபத்தாறு மீட்டருக்கு மேல் உயரமான எஃகுத் தொட்டி. மின்பொறி பறக்காமல் இருக்க உள்ளே சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடு வாயு. நடுவில் பல மில்லியன் வோல்ட் நேர்மின்னழுத்தம். மேலிருந்து வரும் எதிர்மின் அயனிகளை அது இழுக்கிறது. நடுவே மெல்லிய கார்பன் தகட்டைத் துளைத்துப் போகையில் அவை எலக்ட்ரான்களை இழந்து நேர்மின் அயனிகளாகின்றன. இழுத்த அதே மின்னழுத்தம் இப்போது அவற்றைக் கீழே தள்ளிவிடுகிறது. ஒரே அழுத்தம் இரண்டு முறை வேலை செய்கிறது!

இங்கே 'பீம் டைம்' (முடுக்கியைப் பயன்படுத்தும் நேரம்) வேண்டுமென்றால் ஆய்வுத் திட்டம் எழுதி, குழுவின் முன் விளக்க வேண்டும். ஒப்புதல் கிடைத்தால் எட்டு மணி நேர ஷிஃப்ட் கணக்கில் ஒதுக்குவார்கள். மாநிலப் பல்கலைக்கழக மாணவரும் ஐ.ஐ.டி. மாணவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். நம் உயர்கல்வியில் இவ்வளவு நேர்மையான ஏற்பாடு அரிது. சிறிய ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தவர்கள் மனம் தளர வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

ஆனால் இந்த முடுக்கிகளுக்குப் போய்வரும் ஆய்வு வழிகாட்டி வேண்டும். அதைக் கண்டுபிடிக்க 'சோத்கங்கா' இணையக் களஞ்சியம் போதும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை அங்கே இலவசமாகப் படிக்கலாம். நீங்கள் நினைத்திருக்கும் பேராசிரியரின் மாணவர்கள் அண்மையில் எழுதியவற்றில் சோதனை முறை பற்றிய இயலைப் பாருங்கள். எந்த முடுக்கி, எந்த டிடெக்டர் என்று அதில் இருக்கும். நன்றியுரையையும் விடாதீர்கள், யார் யாரோடு சேர்ந்து உழைத்தார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

கோட்பாட்டு ஆய்வில் விருப்பமுள்ளவர்களுக்கு முடுக்கி தேவையில்லை. வழிகாட்டியின் கணிதத் திறமும் நல்ல கணினி வசதியும்தான் முக்கியம். தமிழ்நாட்டிலேயே தேடுவதென்றால், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் அணுக்கரு இயற்பியலுக்குத் தனித் துறையே இருக்கிறது.

பெற்றோர் பலர் அணுக்கரு இயற்பியல் படிப்பைக் கூடங்குளம், கல்பாக்கம் வேலையோடு சேர்த்துப் பார்க்கிறார்கள். அணு உலைப் பணிக்கு வழி வேறு. இயற்பியலில் எம்.எஸ்சி. முடித்தவர்கள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு முயலலாம். தேர்வானவர்களுக்குப் பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை உண்டு. குடும்பச் சூழல் நெருக்கினால் இதையே முதலில் பாருங்கள்.

முனைவர் பட்ட ஆய்வுக்கான நேர்காணலுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். 'இங்கா' எனப்படும் தேசிய காமா டிடெக்டர் தொகுதி முன்னே சொன்ன மூன்று நகரங்களுக்கும் மாறி மாறிப் போவது. அணுக்கரு அமைப்பை ஆராயப்போகும் மாணவர், தன் ஆய்வுக் காலத்தில் அது எந்த ஊரில் இருக்கும், தன் வழிகாட்டிக்கு அந்த முடுக்கியில் பழக்கம் உண்டா என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.