மின்னஞ்சல் தலைப்பகுதியின் மூல வடிவம்

மின்னஞ்சல் தலைப்பகுதி என்பது கடிதத்தின் உடற்பகுதிக்கு முன்னால் அமையும் வரிகளின் தொகுப்பு ஆகும். அனுப்புநர், பெறுநர், நாள், பொருள் ஆகியவற்றுடன் கடிதம் கடந்து வந்த வழங்கிகளின் விவரமும் இதில் இருக்கும். இதன் அமைப்பை 1982இல் ஆர்.எஃப்.சி. 822 வரையறுத்தது, 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5322 அதன் திருத்திய வடிவமாகும். மின்னஞ்சல் மென்பொருள் இவ்வரிகளை எழுத்துக்கு எழுத்து அப்படியே காக்க வேண்டுமா என்பது நெடுநாளைய கேள்வி.

பொருள் மாறாத மாற்றங்கள்

புலப் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் பொருள் ஒன்றே. ஒரு வரி 78 எழுத்துகளுக்குள் இருப்பது நல்லது. 998ஐத் தாண்டக் கூடாது. நீண்ட வரியை மடித்து, அடுத்த வரியை இடைவெளியுடன் தொடங்கலாம். ஆகவே சில மென்பொருள்கள் வரிகளைத் தம் வசதிப்படி மீண்டும் மடிக்கின்றன.

தமிழ்த் தலைப்புகள்

ஆஸ்கி எழுத்துகளை மட்டுமே ஏற்ற தலைப்பகுதியில் பிற மொழிகளைக் குறியாக்கி எழுதும் முறையை 1996இல் ஆர்.எஃப்.சி. 2047 வகுத்தது. ஒரு குறியாக்கத் துண்டு 75 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். எனவே "மாணவர் சேர்க்கை அறிவிப்பு" என்ற சிறு தலைப்புகூட ஒரே துண்டில் அடங்காது. அதே தலைப்பைப் பல விதமாகப் பிரித்து எழுத முடியும். திரையில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும்.

கையொப்பச் சிக்கல்

திரையில் ஒன்றாகத் தெரிவது சரிபார்ப்பில் ஒன்றாக இருப்பதில்லை. 2007இல் தரப்படுத்தப்பட்ட டிகேஐஎம் முறையில், அனுப்பும் களம் தேர்ந்தெடுத்த தலைப்பு வரிகளுக்கும் உடற்பகுதிக்கும் எண்மக் கையொப்பம் இடுகிறது. இதன் கண்டிப்பான வகையில், கையொப்பமிட்ட வரியில் ஓர் இடைவெளி கூடினாலும் சரிபார்ப்பு தோற்கும். தளர்வான வகை மடிப்பையும் இடைவெளி வேறுபாட்டையும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பொருள் வரியை வேறு விதமாகக் குறியாக்கினால் அதுவும் தோற்கும். அப்போது உண்மையான கடிதமே ஐயத்துக்கு உள்ளாகிறது.

வழங்கிகள் சேர்க்கும் வழித்தட வரிகளும் இத்தகையவையே. ஒவ்வொரு வழங்கியும் தன் வரியை மேலே சேர்க்கலாம். முன்னுள்ளவற்றை மாற்றவோ நீக்கவோ கூடாது. மோசடிக் கடிதம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வோருக்கு இவ்வரிசையே தடயம்.

தீர்வு

வாசகருக்குக் காட்டக் குறியாக்கத்தை விரித்தே ஆக வேண்டும். அதற்காக மூலத்தை மாற்ற வேண்டியதில்லை. வந்த பைட்டுகளை அப்படியே சேமித்து, காட்சிக்கு மட்டும் விரித்த படியைப் பயன்படுத்தலாம். பைத்தான் மொழியின் மின்னஞ்சல் தொகுதியில், வந்த வரிகளை மடிக்காமல் விடுதல், நீண்டவற்றை மட்டும் மடித்தல், அனைத்தையும் மடித்தல் என மூன்று தெரிவுகள் உள்ளன. மூலம் கைவசம் இருந்தால் விரித்த படியை எப்போது வேண்டுமானாலும் உருவாக்கலாம். விரித்த படியிலிருந்து மூலத்தை மீட்க முடியாது.