ஊர் ஒரு மாநிலம், பாதை வேறு மாநிலம்!

கேரளத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை கிடைத்தால் ஊருக்கு ரயில் ஏறுவதுதான் வழக்கம். இப்போது இளவட்டங்கள் சிலர் கூட்டாகப் பணம் போட்டு, ஜீப் பிடித்து மலை ஏறுகிறார்கள். தார் காணாத பாதை; ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். இடுப்பு கழன்று போனாலும் இன்னொரு முறை போக வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய மலைகளில் இத்தகைய பாதைகள் பல உண்டு. அங்கே இரண்டு ஊர்களின் கதை விசித்திரமானது. ஒன்று தமிழ்நாட்டு ஊர். வண்டிப் பாதை கேரளத்தில். மற்றொன்று கேரள ஊர், பாதை தமிழ்நாட்டில்!

கொழுக்குமலை

முதலாவது கொழுக்குமலை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்தது. ஏழாயிரம் அடிக்கு மேல் தேயிலைத் தோட்டமும், 1930-களில் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையும் உள்ளன. ஆனால் போடிப் பக்கமிருந்து, குரங்கணி வழியாக, நடந்துதான் ஏற முடியும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, நடைப்பயணம் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட துயரம் இன்னும் மறக்கவில்லை.

சக்கரம் வைத்த வண்டி கொழுக்குமலைக்குப் போக வேண்டுமானால் இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லிக்கு வந்தாக வேண்டும். அங்கிருந்து சுமார் 12 கி.மீ. தூரம்தான். அதைக் கடக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. பாதை முழுவதும் கல். கார் போகாது. ஜீப் ஒன்றுதான் கதி.

சூரிய உதயம் பார்க்க வருபவர்களை ஏற்றிக்கொண்டு, விடியுமுன்னே ஜீப்புகள் வரிசையாகக் கிளம்புகின்றன. வருபவர்களுக்கு இது ஒரு நாள் வேடிக்கை. ஜீப் ஓட்டுபவருக்கோ அன்றாடச் சோறு. 2025 ஜூலையில் இடுக்கி மாவட்ட நிர்வாகம் பாதுகாப்புக் கருதி ஜீப் சவாரிகளைச் சில காலம் நிறுத்தி வைத்தது. பயணிக்கு ஒரு பயணம்தான் தள்ளிப் போயிற்று. ஓட்டுநர் வீட்டிலோ அடுப்பு தடுமாறியது.

ஜீப்பின் வித்தை

இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வண்டி ஜீப். போர் முடிந்தபின் மகிந்திரா நிறுவனத்தார் அதைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கினர். சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்களுக்கே எஞ்சினின் விசை போகும். ஜீப்பில் நான்குக்கும் கொடுக்கலாம். இரண்டு சக்கரம் சேற்றில் வழுக்கினாலும் மற்ற இரண்டும் இழுத்துவிடும்.

ஏறுவதைவிட இறங்குவதே கடினம். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பழகிய ஓட்டுநர் வண்டியை முதல் கியரில் போட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி மெல்ல இறக்குவார். பெரிய கல் வந்தால் அதை நடுவில் விடமாட்டார்; சக்கரத்தையே அதன்மேல் ஏற்றுவார். நடுவில் விட்டால் வண்டியின் அடிவயிறு கிழியும். அந்தப் பாதையில் எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். புதியவர்கள் சொந்த வண்டியில் வீரம் காட்டாமல், உள்ளூர் ஓட்டுநரை நம்பிப் போவதே புத்திசாலித்தனம்.

பரம்பிக்குளம்

இரண்டாவது ஊர் பரம்பிக்குளம். பாலக்காடு மாவட்டம் முதலமடைப் பஞ்சாயத்தைச் சேர்ந்தது. 2010-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பாலக்காட்டுக்காரர் இங்கே போக வேண்டுமானால் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து, சேத்துமடை சோதனைச் சாவடி, டாப்ஸ்லிப் வழியாக மறுபடியும் கேரளத்துக்குள் வர வேண்டும். அணை கேரள மண்ணில் இருக்கிறது. அதைப் பராமரிப்பது தமிழ்நாடு!

ஒரு காலத்தில் இவ்வூருக்குக் கேரளப் பக்கமாகவே வழி இருந்தது. 1907-இல் கொச்சி சமஸ்தானம் பரம்பிக்குளத்திலிருந்து சாலக்குடி வரை சுமார் 80 கி.மீ. நீளத்துக்கு டிராம் பாதை போட்டது. தேக்கு மரம் இறக்குவதற்காகப் போட்ட பாதை அது. சரிவான இடங்களில், இறங்கும் மர வண்டியின் கனமே காலி வண்டியைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ளும். அந்த டிராம் கடந்த நூற்றாண்டின் நடுவிலேயே மூடப்பட்டது. மரம் போன வழியும் மூடியது. மனிதர் போக வழி பிறக்கவில்லை.

இக்காட்டில் காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். ஆஸ்பத்திரி, பஞ்சாயத்து ஆபீஸ் என்று பலவற்றுக்கும் வேறு மாநிலத்தைச் சுற்ற வேண்டியிருந்தது. 2020-இல் கொரோனாவால் எல்லை அடைபட்டபோது இவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவ்வாண்டு காந்தி ஜெயந்தியன்று தேக்கடிப் பகுதிக் குடியிருப்புகளின் மக்கள் (குமுளித் தேக்கடி அல்ல, இது வேறு) மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்துச் செம்மணாம்பதியை நோக்கித் தாங்களே பாதை வெட்டப் புறப்பட்டனர். வெறும் சில கி.மீ. தூரம்! அதைக் கடக்கத்தான் அத்தனை சுற்று.

புலி வாழும் காட்டில் நினைத்தபடி ரோடு போட முடியாது என்பதும் நியாயமே. காட்டைக் காக்க வேண்டும். காய்ச்சல் கண்ட குழந்தை ஆஸ்பத்திரி போகவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் தரும் அளவுக்கு ஒரு ஜீப் போகும் பாதை போதும் என்பதே அம்மக்களின் கோரிக்கையாக இருந்தது.

குலுங்கிக் குலுங்கிப் போகும்போது, "இந்த ரோட்டைத் தார் போட்டுக் கெடுத்துவிடாமல் இருக்க வேண்டுமே" என்று நமக்குத் தோன்றும். திரும்பி வந்தால் நமக்குத் தார் ரோடு உண்டு. அந்தப் பாதையின் கோடியில் குடியிருப்பவருக்கு வேறு பாதை இல்லை என்பதை மறக்கலாகாது.